சித்ராதேவி செய்த லாரி

முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்த லாரியைச் செய்தது சித்ராதேவி. அவள் புருஷன் அல்ல, புருஷனும் அவளுமாகச் சேர்ந்தும் அல்ல. இதைச் சொல்வதற்கு இத்தனை அழுத்தம் எதற்கு என்று கேட்பவர்கள், அந்த ஞாயிற்றுக்கிழமை பெருமாநல்லூர்க் கல்யாண மண்டபத்தில் இருந்திருக்க வேண்டும்.

சித்ராதேவிக்கு ஊர் விளாத்திகுளம் பக்கம். பதினெட்டு வயதில் திருப்பூருக்கு வந்தாள். துணி மடித்துக் கொடுக்கும் கைமடிப்பு வேலையில் தொடங்கி, ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து, இப்போது நெருப்பெரிச்சல் பகுதியில் ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் டெய்லர். வெளிநாட்டு வியாபாரிக்குக் காட்டுவதற்கென்று முதலில் ஒரே ஒரு சட்டை தைப்பார்கள் அல்லவா, அதைத் தைப்பவள் அவள். அந்த ஒரு சட்டை பிடித்துப் போனால் நாற்பதாயிரம் சட்டை ஓடும். பிடிக்காமல் போனால் கம்பெனியே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். அப்பேர்ப்பட்ட கை. அந்தக் கைதான் லாரி செய்தது.

லாரி என்றால் பொம்மை லாரி அல்ல. அந்த வார்த்தையைச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். நிஜ வண்டியை இருபத்துநாலில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்கிற மாதிரி வடிவம். ஓர் அடி என்பது இங்கே அரை அங்குலம். டெய்லர் கையில் எப்போதும் இஞ்ச் டேப் இருக்கும் என்பதால் அந்தக் கணக்கு அவளுக்குச் சுலபமாகவே வந்தது.

ஆரம்பித்த கதை இது. அவள் புருஷன் ராஜ்கமல் லாரி டிரைவர். நிட்டிங் கம்பெனியிலிருந்து சாயப்பட்டறைக்கும் அங்கிருந்து திரும்பவும் துணி ரோல் ஏற்றிப் போகிறவன். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு விடுமுறை நாளில் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு லோடையும் இறக்கிவிடலாம் என்று அவளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். சாயப்பட்டறை வாசலில் மூன்று மணி நேரம் நிற்க வைத்துவிட்டார்கள். அவள் இறங்கிக் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். சக்கரத்துக்கு மேலே வளைந்த இரும்புத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன.

“இத்தனை தகடு எதுக்குங்க?”

“லோடு தாங்குறதுக்கு.”

“எப்படித் தாங்கும்?”

“தாங்கும்.”

பதினைந்து வருஷம் வண்டி ஓட்டியவன் சொன்ன பதில் அவ்வளவுதான். அவளுக்குப் போதவில்லை. கைப்பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து, புடவை புழுதியானாலும் பரவாயில்லை என்று அடியில் புகுந்து அளந்தாள். அன்றைக்குக் கோயிலுக்குப் போகவில்லை.

முதல் லாரி கோணல். சாம்பிள் ரூமில் மிச்சமாகும், துணிக்கு அளவு போடுகிற பேட்டர்ன் அட்டையை வெட்டித்தான் செய்தாள். ஒட்டப் போனால் கதவு கேபினுக்குள் அடங்கவில்லை, கூரை வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அளவெல்லாம் சரி. பின்னே எங்கே தப்பு? இரண்டு நாள் மண்டையைக் குடைந்த பிறகுதான் பிடிபட்டது. எந்தத் துண்டை வெட்டினாலும் சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்கு விட்டு வெட்டுகிற கை அவளுடையது. அட்டையிலும் அப்படியே விட்டிருந்தாள். நிஜ லாரியில் அது அரை அடி. சுற்றிலும் அரை அடி கூடின லாரி எந்த ரோட்டில் ஓடும்? தனியாக உட்கார்ந்து சிரித்துவிட்டு அதைப் பிய்த்துப் போட்டாள்.

அதன் பிறகு கை படிந்துவிட்டது. பெட்டி கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையைக் கீறி, கொதிநீரில் வளைத்து, அந்தத் தகடுகளைச் செய்தாள். தேய்ந்த ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி உப்புத்தாளில் தேய்த்து டயர் ஆக்கினாள். சட்டைப் பெட்டியின் கண்ணாடித் தாள் முன்கண்ணாடி ஆனது. லைனிங் துணியில் பசை தடவி விறைப்பாக்கினால் தார்ப்பாய். ஏற்றியிருக்கும் துணி ரோல்கள் நிஜமாகவே பனியன் துணியில் சுருட்டியவை. காலையில் தண்ணீர் பிடித்து முடித்த பிறகு கம்பெனி வண்டி வரும்வரை கிடைக்கும் ஒன்றரை மணி நேரமும் ஞாயிறு மத்தியானமும்தான் அவளுக்குச் சொந்தம். அதில் செய்தாள்.

கேலிக்குக் குறைவில்லை. “யாருக்கு மதினி, பேரப்பிள்ளைக்கா?” என்று பக்கத்து வீட்டு மூக்கம்மாள் கேட்டாள். கம்பெனியில் ஒருத்தி, நேரம் போகவில்லையென்றால் ஆரி வேலை கற்றுக்கொள்ளலாமே என்று புத்தி சொன்னாள். கிரிக்கெட் பார்க்கிற ஆம்பிளையிடம் ஏன் பார்க்கிறாய் என்று யாராவது கேட்கிறார்களா? டீக்கடையில் கேரம் ஆடுகிறவனிடம் யாருக்காக ஆடுகிறாய் என்று கேட்கிறார்களா? ஒரு பொம்பளை தனக்குப் பிடித்த காரியத்தை இரண்டு மணி நேரம் செய்தால் மட்டும் ஊருக்குக் காரணம் வேண்டியிருக்கிறது.

ஏழாவது லாரிக்குப் பதினோரு மாதம் ஆனது. ராஜ்கமல் ஓட்டும் வண்டியேதான் அது, அச்சு அசல். இடது கதவில் வெயில் பட்டு வெளுத்த நீலம். பின் பம்பரில் கறுப்புக் கயிறு. சாயப்பட்டறைக் கேட்டில் உரசி நசுங்கின மட்கார்டு. உள்ளே டிரைவர் சீட்டில் அவன் விரித்து உட்காரும் பழைய துண்டுகூட விரலகலத்தில் கிடந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பியது. மேலே கை வைத்து அழுத்தினால் தகடுகள் நெளிந்து கொடுத்தன. லோடு எப்படித் தாங்கும் என்று அவள் கேட்டதற்கு அவளேதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு முதல்முறையாக ஆசை வந்தது. வாகன மாதிரி செய்கிறவர்களின் மன்றம் ஒன்று வருஷா வருஷம் பெருமாநல்லூரில் கண்காட்சி நடத்துகிறது என்று போனில் பார்த்தாள். வாங்கின வண்டிக்கு வர்ணம் மாற்றுகிறவர்கள், பாகம் பாகமாக வரும் கிட் வாங்கிப் பூட்டுகிறவர்கள், எல்லாமே கையால் செய்கிறவர்கள் என்று மூன்று பிரிவு. மூன்றாவதில் அவள் போட்டியிட வேண்டும். சனிக்கிழமை கொண்டுபோய்ப் பதிந்து வைத்தால் ஞாயிற்றுக்கிழமை தீர்ப்பு.

சனிக்கிழமை பார்த்து அவசர சாம்பிள் ஒன்று வந்து தொலைத்தது. அவளால் நகர முடியவில்லை. ராஜ்கமலிடம் பெட்டியைக் கொடுத்து, “குலுக்காம கொண்டு போங்க, எம் பேரைச் சொல்லிப் பதிஞ்சிட்டு வந்துருங்க” என்றாள். அவனும் குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டுதான் போனான். குலுக்கவில்லை. ஆனால் மண்டப வாசலில் ஒரு மேஜை, மேஜைமேல் ஒரு நோட்டு. தினமும் பத்து கம்பெனி கேட்டில் நிற்கிறவன் அவன். நோட்டைக் கண்டால் கை தானாகப் போய்விடும். பெயர், வண்டி நம்பர், வந்த நேரம், என்ன சரக்கு, எத்தனை உருப்படி. எழுதிக் கையெழுத்துப் போட்டான். பெயர் என்ற இடத்தில் ராஜ்கமல் என்றும், சரக்கு என்ற இடத்தில் லாரி ஒன்று என்றும் எழுதிவிட்டு, பெட்டியை இறக்கி வைத்துத் திரும்பிவிட்டான்.

அதுவரை அது வெறும் தப்பு. டிரைவர் செய்கிற தப்பு. அதற்காக அவனை அடித்துவிட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். நீளமான மேஜைகளில் இருநூறு வண்டிகள் நின்றன. தன் லாரியை அவள் தூரத்திலேயே கண்டுகொண்டாள். பக்கத்தில் போனபோது முன்னால் சின்ன அட்டை நின்றது. அதில், செய்தவர்: ராஜ்கமல்.

பெயர் அட்டைகளுக்குப் பொறுப்பாயிருந்த கீதாஞ்சலி என்ற பெண்ணைத் தேடிப் பிடித்தாள். “தப்பா எழுதியிருக்கீங்க. இதைச் செஞ்சது நான்.”

“அப்படீங்களாக்கா? நோட்டுல இருந்ததத்தானுங்க எழுதினேன். இருங்க, சாயங்காலம் மாத்திக்கலாமுங்க.”

சாயங்காலம் என்பது எல்லாம் முடிந்த பிறகு. அவள் லாரிக்குப் பக்கத்திலேயே நின்றாள். நடுவர்கள் வந்தார்கள். ஒருவர் டார்ச் அடித்து அடிப்பாகத்தைப் பார்த்துவிட்டு வியந்து தலையாட்டினார். அவள் பக்கம் திரும்பி, “உங்க ஊட்டுக்காரருக்கு என்ன பொறுமைங்க!” என்றார்.

“அவர் செய்யலைங்க. நான் செஞ்சது.”

நடுவர் பெரிதாகச் சிரித்தார். “ஆமாங்க, ஊட்டுல ஒத்தாசை இருந்தாத்தானுங்க இதெல்லாம் ஆகும்.”

எவ்வளவு மரியாதை பாருங்கள். வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டுத்தான் அவளை அந்த மேஜையிலிருந்து துடைத்து எடுத்தார்கள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். இதற்கு என்ன செய்வது? 

மைக்கில் அறிவித்தார்கள். எல்லாமே கையால் செய்த பிரிவு, முதல் பரிசு, நெருப்பெரிச்சல் ராஜ்கமல். கைத்தட்டல் கூரையைப் பிய்த்தது. பக்கத்து நாற்காலியிலிருந்த புருஷனை அவள் பார்த்தாள். போய் மைக்கைப் பிடித்து, இது என் பொண்டாட்டி செய்தது என்று சொல்வான் என்று நினைத்தாள். அவன் எழுந்தான், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான், மேடை ஏறினான். மன்றத் தலைவர் மாரப்பன் சால்வை போட்டுக் கேடயத்தைக் கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள்.

“எத்தனை மாசமாச்சுங்க?” என்று மாரப்பன் மைக்கை நீட்டினார்.

ராஜ்கமல் அவளைப் பார்த்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்தான். “பதினோரு மாசம் ஆச்சுங்க” என்றான்.

அது பொய்யில்லைதான். பதினோரு மாதம்தான் ஆனது. அந்த உண்மையைச் சொன்ன வாயை அவளால் பொறுக்க முடியவில்லை. அவள் எழுந்து போய் மேஜையிலிருந்த தன் லாரியைத் தூக்கிக்கொண்டு வெளியேறி, பஸ் ஏறி, மடியில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

பின்னாலேயே அவனும் வந்தான். கேடயத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“மேடையில ஏறுறதுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா உங்களுக்கு?”

“எம் பேரை மைக்குல கூப்பிட்டாங்க சித்ரா. இதுவரைக்கும் யாரும் கூப்பிட்டதில்ல. காலு தானாப் போயிருச்சு.”

“என்னையும்தான் யாரும் கூப்பிட்டதில்ல.”

அவன் கேடயத்தைத் தரையில் வைத்தான். பிறகு, “விடு, நம்ம வீட்டுக்குத்தான வந்துருக்கு” என்றான். சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. அவள் அவனைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டு, பேட்டர்ன் அட்டையில் ஒரு துண்டையும் பிளேடையும் கையில் கொடுத்தாள். “இந்தாங்க, நாலு அங்குல நீளம், அரை அங்குல அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டுங்க, பார்ப்போம்.” அவன் வெட்டினான். ஒரு முனை அரை அங்குலம், மறுமுனை முக்கால். அவள் அதை எடுத்துக் கேடயத்தின் மேல் வைத்துவிட்டு அரிசி களையப் போனாள்.

மறுநாள் தெருவே அவனுக்குக் கைகொடுத்தது. “அண்ணனுக்கு இப்படி ஒரு திறமையா!” என்று மூக்கம்மாளே வியந்தாள். ஆறு வருஷமாக இவள் வாசலில் உட்கார்ந்து ரப்பர் செருப்பைத் தேய்ப்பதைத் தினமும் பார்த்தவள் மூக்கம்மாள். கண்ணால் பார்த்தது போதாதாம், கேடயத்தில் ஒட்டியிருந்த பெயர்தான் அவளுக்குச் சாட்சி. சித்ராதேவிக்கு அன்றைக்கு வயிறு எரிந்தது. ஊரை விடுங்கள், ராஜ்கமல் அந்தக் கைகொடுத்தலை வாங்கிக்கொண்டு தரையைப் பார்த்துச் சிரித்தானே, அதுதான் எரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனையும் கேடயத்தையும் கூட்டிக்கொண்டு மாரப்பன் வீட்டுக்குப் போனாள். மாரப்பன் கெட்ட மனிதர் அல்ல. ஒருகாலத்தில் பத்து லாரி ஓட்டினவர், இப்போது பனியன் கம்பெனி முதலாளி, வரவேற்பறை முழுக்கச் சின்ன லாரிகளாக வைத்திருப்பவர். காப்பி கொடுத்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“ஏனுங்கம்மிணி, புருசன் பேர்ல இருந்தா என்னங்க? ரெண்டும் ஒரே ஊடுதானுங்களே. அடுத்த வருசம் உங்க பேர்லயே போட்டுறலாமுங்க.”

“இந்த வண்டியச் செஞ்சது நானுங்க. அடுத்த வருசம் செய்யப் போற வண்டி வேற.”

“அது செரிதானுங்க. ஆனா மன்றத்துல விதின்னு ஒண்ணு இருக்குதுங்களே. பதிஞ்சவருதான் செஞ்சவரு. வேற ஒருத்தரு செஞ்சதைத் தம் பேர்ல பதிஞ்சிருந்தா, பரிசு ரத்துங்க. ரெண்டாவதா வந்த சிவபிரகாசுக்குப் போயிருமுங்க. நான் பேரை மாத்தப் போனா அத்தனையும் போயிரும். எதுக்குங்க வீணா? சித்த யோசிச்சுப் பாருங்க.”

யோசிக்க என்ன இருக்கிறது? பரிசு வேண்டுமானால் புருஷன் பெயரில் வாங்கிக்கொள். உன் பெயர் வேண்டுமானால் பரிசு கிடையாது. இதற்குப் பெயர் விதியாம். முதல் பரிசு என்பது பதினோரு மாத உழைப்புக்குக் கிடைத்தது, அதை யார் விட்டுக்கொடுப்பார்கள் என்ற தைரியத்தில்தான் மாரப்பன் அத்தனை இதமாகப் பேசினார். சித்ராதேவி ராஜ்கமல் பக்கம் திரும்பினாள்.

“சொல்லுங்க.”

அவன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தான்.  “எனக்கு அட்டையில ஒரு பட்டையக்கூட நேரா வெட்ட வராதுங்க. நோட்டுல எம் பேரை எழுதினது வண்டிக்காரன் பழக்கம். மேடையில ஏறினது எந் தப்பு. எல்லாம் இவ செஞ்சது.” கேடயத்தை மேஜைமேல் வைத்தான். அதற்குள் அவன் காது சிவந்துபோயிருந்தது.

“ரத்துப் பண்ணிருங்க” என்றாள் சித்ராதேவி.

மாரப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நெசமாத்தானுங்களா?”

“நெசமாத்தாங்க. ஆனா எதுக்காக ரத்துன்னு எனக்குக் காகிதத்துல வேணும். மன்றத்து முத்திரையோட.”

கடிதம் புதன்கிழமை போனில் படமாக வந்தது. கீதாஞ்சலி டைப் செய்திருந்தாள். ‘தங்கள் கணவர் திரு. ராஜ்கமல் அவர்களின் வேண்டுகோளுக்கிணங்க’ என்று ஆரம்பித்தது. சாம்பிளில் தையல் அரை நூல் தப்பினாலும் பிரித்துத் தைக்கிறவள் அவள். இது நான் கேட்டது, அவர் கேட்டதல்ல, மாற்றுங்கள் என்று சொன்னாள். வெள்ளிக்கிழமை வந்ததில் ‘திருமதி ராஜ்கமல்’ என்று இருந்தது. மறுபடியும் போன் போட்டாள்.

“எனக்குன்னு ஒரு பேரு இருக்கு, கண்ணு. அதை எழுதுறதுக்கு உங்க மன்றத்துல எத்தனை பேரு வேணும்?”

அந்தப் பக்கத்திலிருந்து கீதாஞ்சலி, “மன்னிச்சுக்குங்கக்கா, நானே கொண்டாந்து தர்றனுங்க” என்றாள். சொன்ன மாதிரி மறுநாள் ஸ்கூட்டரில் வந்து கையில் கொடுத்துவிட்டு, லாரியை ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டாள். பார்த்துவிட்டுப் போனாள்.

சித்ராதேவி அந்தக் கடிதத்தை லேமினேஷன் செய்து, வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற சுவரில் ஆணியடித்து மாட்டினாள். ஆணியடிக்கப் புருஷனைக் கூப்பிடவில்லை. சாயங்காலம் மூக்கம்மாள் வந்து எட்டிப் பார்த்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் அவள், கடைசி வரி வரை வந்ததும் கையை மோவாயில் வைத்துக்கொண்டாள்.

“ஐயோ மதினி, பரிசு ரத்துன்னுல்ல போட்டிருக்கு! இதப் போயி யாராவது சுவத்துல மாட்டுவாங்களா?”

“அதுக்கு மேல் வரியப் படி.”

“மேற்படி… லாரி மாதிரியை… முழுவதும் செய்தவர்… சித்ராதேவி.”

“சத்தமா.”

மூக்கம்மாள் திரும்பிப் பார்த்தாள். சித்ராதேவியின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சுப் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பி, தெருவுக்குக் கேட்கிற மாதிரி இன்னொரு முறை படித்தாள்.